இருபத்தைந்து எண்ணும் வரை

லேபில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக ரத்தம் எடுப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கொட்டாவி விட்டபடி வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து கையை நீட்டுவார்கள். அவள் ரப்பர் பட்டையைக் கட்டுவாள், விரலை மடக்கச் சொல்வாள், முழங்கைக் குழியில் தட்டி நரம்பைத் தேடுவாள். "சின்னக் குத்துதான், அவ்வளவுதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். ஊசியைக் கண்டாலே கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்தும் பெரிய மனிதர்கள்கூட அவளிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு கை அவளுக்கு.

ஒரு நாளைக்கு அறுபது கைகளாவது தொடுவாள். எல்லாம் கையுறை போட்ட கையால்தான். ஷிப்ட் முடிந்ததும் கையுறையைக் கழற்றி மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுத்த நாள் காலை வரை அவள் யாரையும் தொடுவதில்லை, யாரும் அவளைத் தொடுவதில்லை. இதை அவள் ஒரு குறையாக எடுத்துப் பேசியதில்லை. பேச ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

முன்பு ஆள் இருந்தது. தங்கை. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் ஒரே கட்டிலில் படுத்து இருபது வருடம் ஓட்டினார்கள். தங்கைக்குத் தூக்கத்தில் காலைத் தூக்கிப் பக்கத்தில் இருப்பவர் மேல் போடும் பழக்கம். பஞ்சு மாதிரி காலா அது? உலக்கை. "ஒரு நாளாவது உன் கால் இல்லாம நான் நிம்மதியா தூங்கணும்டி" என்று அக்கா காலையில் எழுந்ததும் சண்டைக்கு நிற்பாள். தங்கை பல் துலக்கிக்கொண்டே சிரிப்பாள்.

தங்கைக்கு முப்பத்தெட்டு வயதில் கூட வேலை பார்த்த ஒருவரைப் பிடித்துப்போனது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். மூன்று மாதம் தங்கை அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணிகளை மடிக்கும்போது, "அக்கா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். கேள்வி முடியும் முன்பே ஊசி அக்கா, "இதுல கேக்க என்ன இருக்கு, போ" என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டாளே என்று தங்கைக்கே முகம் கொஞ்சம் வாடிப்போனது. அன்று அக்கா ஒரே படுக்கை விரிப்பை நான்கு முறை பிரித்து மடித்தாள். அதைத் தங்கை கவனித்தாளா என்று தெரியாது.

அது நடந்து எட்டு மாதம். கட்டில் முழுவதும் அவளுக்குத்தான் என்றாலும் இன்னும் சுவரோரப் பாதியில்தான் படுக்கிறாள். தங்கை விட்டுப்போன கனத்த போர்வையை மடித்துத் தொடை மேல் போட்டும் பார்த்தாள். போர்வைக்கு எடை போதவில்லை. இப்படிச் செய்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்ததால், அந்தப் போர்வையை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளச் சொன்னது தங்கைதான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆளில்லாத தெருவில் அக்கா தனியாக லேபுக்கு நடந்து போகிறாளே என்று அவளுக்குக் கவலை. முன்பு இருவரும் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடப்பார்கள். "நாற்பத்தாறு வயசுல நான் யாரை உதைக்கப் போறேன்?" என்று அக்கா சிரித்து மழுப்பினாலும், அந்த வாரமே பயிற்சிக்கூடங்களை விசாரிக்க ஆரம்பித்தாள்.

முதலில் போனது பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த குத்துச்சண்டைக் கூடம். வரவேற்பில் இருந்த இளைஞன் பெயரைக் கேட்கும் முன் எடையைக் கேட்டான். எடை குறைக்க வரவில்லை என்று அவள் சொன்னதும், படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையே என்பது போல விழித்தான். பெண்கள் உடை மாற்றும் அறையில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை அடைத்துக்கொண்டு மறுகாலைக் கால்சட்டைக்குள் நுழைக்கத் தெரிந்தவளுக்கு அதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது? காதைப் பிளக்கும் பாட்டுக்கு நடுவில் ஒரு மணி நேரம் தொங்கும் மூட்டையைக் குத்தினாள். பக்கத்து மூட்டைக்காரர்கள் அவரவர் மூட்டையைக் குத்தினார்கள். ஆளோடு ஆள் சேர்ந்து பழகுவது எப்போது என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆறு மாதம் கழித்து என்றான் அந்த இளைஞன். அவள் மறுநாள் போகவில்லை.

இரண்டாவது இடம் பெண்களுக்கு மட்டும். தாழ்ப்பாள் இருந்தது, கண்ணாடி இருந்தது, சுவரெல்லாம் இளஞ்சிவப்பு. சொல்லிக்கொடுத்த அம்மாள் வகுப்பில் பாதி நேரம் கதை சொன்னார். மின்தூக்கியில் ஒருத்திக்கு நடந்தது, வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொருத்திக்கு நடந்தது, மாடிப்படியில் மூன்றாமவளுக்கு நடந்தது. மீதி நேரம் ஒரு ரப்பர் மனிதனை வரிசையில் நின்று உதைக்க வேண்டும். பெண்கள் அந்த ரப்பர் மனிதனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை எவ்வளவு உதை வாங்கினாலும் சிரித்த முகம் மாறாமல் நின்றார். ஊசி அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அவளும் உதைத்தாள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஓட்டமும் நடையுமாக அவரவர் வண்டிக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்த்தாள். அதுவரை தனியாகத்தான் இருந்தாள், பயமாக இருந்ததில்லை. அந்த அம்மாள் பயத்தையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தங்கை தொலைபேசியில் கேட்டபோது, தாழ்ப்பாள், சுத்தம், கத்தாத வாத்தியார், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது என்று சொன்னாள். பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு கூடத்திலும் அவள் கண் தேடியது வேறு. ஜோடி சேரச் சொன்னால் தன் பக்கம் நடந்து வந்து யாராவது கையைப் பிடிப்பார்களா என்றுதான் பார்த்தாள். தன் வயதுக்காரிகளுக்கெல்லாம் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருக்க, இதை வாய்விட்டு எப்படிச் சொல்வது? மூன்றாவது இடமும் சரிப்படவில்லை என்றால் இந்த ஆசையையே கைகழுவிவிடுவது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டாள்.

மூன்றாவது இடம் ஜூடோ. சமுதாயக் கூடத்தின் முன்பாதியில் டேபிள் டென்னிஸ் ஆடுவார்கள், பின்பாதியில் பச்சை மெத்தை விரிப்பு. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குப் பெண்கள் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஊசி அக்கா வயதே இருக்கும் ஒரு பெண்மணி. பகலில் பூட்டுச் சாவி ரிப்பேர் கடை, மாலையில் இது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பல வருடம் மெத்தையில் உரசியதில் காது மடல் ஒன்று கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. அவர் எடையைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை. கையை நீட்டச் சொல்லி நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பதினெட்டு வருடம் கையுறை போட்ட கையில் நகம் எங்கே இருக்கும்? "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரை நகம் வெட்டத்தான் முதல் நாள் திருப்பி அனுப்புறேன். நீங்க பாஸ்" என்றார். இரண்டு வாரம் வந்து பாருங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் இருந்தது. பூட்டுக்காரர் நடத்தும் இடத்தில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர். இவளோடு ஒன்பது. ஜோடி சேரச் சொன்னதும் நான்கு ஜோடி அமைந்தது. ஊசி அக்கா மிஞ்சினாள். ஆனால் மாஸ்டரிடம் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மிஞ்சியவர்தான் வகுப்புக்கே எண்ண வேண்டும். ஒருத்தி மற்றவளைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கும்போது இருபத்தைந்து வரை சத்தமாக எண்ணுவது மிஞ்சியவர் வேலை. எண்ணியவர் அடுத்த சுற்றில் கட்டாயம் ஜோடி சேர வேண்டும். தொடர்ந்து இரண்டு சுற்று யாரும் தனியாக நிற்கக் கூடாது. ஊசி அக்கா ஓரமாக நின்று எண்ணினாள். தன் குரல் ஒரு கூடத்தில் இவ்வளவு உரக்கக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வகுப்பு அடிபடாமல் விழப் பழகுவதற்கே போனது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் விழுந்தாள். நான்காவதில் சட்டைக் காலரைப் பிடிக்கக் கற்றாள். ஐந்தாவது வகுப்பு வெள்ளிக்கிழமை. அன்றுதான் அமுக்குப் பிடி. மாஸ்டர் ஒரே ஒரு விதியை மூன்று முறை சொன்னார். மூச்சு முட்டினாலோ, வலித்தாலோ, போதும் என்று பட்டாலோ, மேலே இருப்பவர் உடம்பில் கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய நொடியில் மேலே இருப்பவர் விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது.

அவளுக்கு ஜோடியாக வந்தவள் பேக்கரியில் மாவு பிசைபவள். முப்பத்தைந்து வயது, அகலமான தோள், முன்கையில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். அவள் கையைப் பார்த்ததும் ஊசி அக்காவுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. இருட்டில்கூட ரத்தம் எடுக்கலாம், அவ்வளவு தெளிவான நரம்பு. பேக்கரிக்காரி வாய் ஓயாதவள். "வீட்ல ரெண்டு வாலுங்க எந்நேரமும் என் மேலயே ஏறிக்கிட்டு இருக்கும்க்கா. நான் ஒருத்தர் மேல ஏறி உக்கார்றதுக்குத்தான் இங்க வர்றேன்" என்றாள்.

மல்லாந்து படுத்த ஊசி அக்காவின் மார்பின் குறுக்கே பேக்கரிக்காரி தன் உடம்பைச் சாய்த்து, கழுத்துக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்கு அருகில் ஒரு கையுமாகப் பூட்டினாள். மாவு வாசனையும் வியர்வையும் வந்தது. ஊசி அக்கா சொல்லிக்கொடுத்தபடி இடுப்பைத் தூக்கிப் புரளப் பார்த்தாள். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு முயற்சியை விட்டுவிட்டாள். எடை. முழு மனித எடை, சூடான எடை, மூச்சு விடும் எடை. எட்டு மாதமாக அவள் உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உலக்கைக் கால் நினைவுக்கு வந்தது. யாரோ இருபத்தைந்து எண்ணி முடித்தார்கள்.

அடுத்த சுற்றில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கீழே இருப்பவர் தட்டும் வரை பிடிக்க வேண்டும். முப்பது ஆனது, நாற்பது ஆனது. மற்ற மூன்று ஜோடிகளும் தட்டி எழுந்துவிட்டன. பேக்கரிக்காரி, அக்கா பிடிவாதக்காரி போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கினாள். அறுபது. காதருகில், "தட்டுங்கக்கா" என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்காவின் இரண்டு கடைக்கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. சூடு பட்டவள் மாதிரி துள்ளி எழுந்தாள் பேக்கரிக்காரி. விலா எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தாள். ஐந்து கிலோ மாவை ஒற்றைக் கையில் புரட்டுகிறவளுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது.

மாஸ்டர் ஓடிவந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஊசி அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வலிக்கவில்லை என்றாள். பிறகு ஏன் தட்டவில்லை என்று கேட்டதற்கு அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். ஏழு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், என்ன சொல்வாள்? மாஸ்டர் முகம் கல்லாகிவிட்டது.

"இங்க எல்லாத் தப்பையும் பொறுத்துக்குவேன். தட்டாதவங்களை மட்டும் வெச்சுக்க முடியாது. நீங்க தட்டுவீங்கன்னு நம்பித்தான் அவங்க முழு எடையையும் போடுறாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா உங்களை யாருமே பிடிக்க மாட்டாங்க."

அன்று அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். கிடைத்ததைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தங்கை கேட்டபோது, "நல்லாத்தான் போகுது" என்று ஒற்றை வரியில் முடித்தாள். இனி வரவில்லை என்று மாஸ்டருக்கு அனுப்ப ஒரு செய்தியை எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதி அனுப்பாமல் வைத்தாள்.

திங்கட்கிழமை லேபில் ஒரு ஆசாமி. வாட்டசாட்டமான உடம்பு. ஊசியைக் குத்தும்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரி என்று தலையாட்டினார். மயக்கம் வருகிறதா என்று கேட்டாள், இல்லை என்றார். அடுத்த நொடி நாற்காலியோடு சரிந்தார். ஊசியைச் சட்டென்று இழுத்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, காலை உயர்த்தி வைத்துத் தண்ணீர் தெளிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர் கண் விழித்ததும், "முடியலன்னா வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா? ஊசி என் கையில இருக்கு" என்று திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே தன் கை நடுங்குவதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரியின் கை இப்படித்தான் நடுங்கியது. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மன்னிப்புக் கேட்கவாவது போக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை போனாள். உடை மாற்றும் அறையில் கேட்க நினைத்தாள். மற்றவர்கள் பேச்சில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பேக்கரிக்காரி வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்காமல் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மெத்தைக்கு வந்து ஜோடி சேரச் சொன்னதும் எட்டுப் பேரும் கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு ஜோடி ஆகிவிட்டார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ஊசி அக்கா சுவரோரம் நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குரல் தடுமாறாமல் இருபத்தைந்து வரை எண்ணி முடித்தாள்.

இரண்டாம் சுற்று, தட்டும் வரை பிடிக்கும் சுற்று. வழக்கப்படி எண்ணியவளை யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டரும் யாரையும் பெயர் சொல்லி ஏவவில்லை. கடைசியில் பேக்கரிக்காரி எழுந்தாள். தன் ஜோடியாக இருந்த தபால்காரப் பெண்ணை எண்ணச் சொல்லிவிட்டு, நேராக வந்து ஊசி அக்காவின் எதிரில் மண்டியிட்டாள்.

"அன்னிக்கு உங்களைப் பயமுறுத்திட்டேன்" என்றாள் ஊசி அக்கா.

"மூணு நாளா மாவு பிசையும்போதெல்லாம் உங்க விலா எலும்பு கையில தட்டுப்படுற மாதிரியே இருக்கு. வலிக்கலன்னா அப்புறம் ஏங்க்கா அழுதீங்க?"

ஊசி அக்கா மெத்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எட்டு மாசமா என்னை யாரும் தொடல."

பேக்கரிக்காரி ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. தன் முன்கையை நீட்டினாள். "முதல்ல இதுல தட்டிக் காட்டுங்க" என்றாள். ஊசி அக்கா தழும்புக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டினாள். அவளைப் பேக்கரிக்காரி விடவில்லை. இவ்வளவு மெதுவாகத் தட்டினால் ஈகூடப் பறக்காது என்று சொல்லி, பட் பட்டென்று சத்தம் கேட்கும் வரை ஐந்தாறு தடவை தட்ட வைத்தாள். பிறகு, "படுங்க" என்றாள். குறுக்கே சாய்ந்து பூட்டும்போது காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தட்டறதுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா தட்டணும்."

எடை இறங்கியது. முழு எடை, அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. தபால்காரப் பெண் எண்ணத் தொடங்கினாள். ஊசி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேலே இருந்த நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. பத்து. மாவு வாசனை. பதினைந்து. இதை முடித்துவைக்க வேண்டியது தான்தான் என்று தெரிந்ததும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. இருபத்து நான்கு. இருபத்தைந்து. இன்னும் ஒன்று என்று மனம் கெஞ்சியது. அவள் கையைத் தூக்கி இரண்டு முறை பலமாகத் தட்டினாள். எடை அந்த நொடியே போய்விட்டது. வியர்த்த மார்பில் மின்விசிறிக் காற்று குளிர்ந்தது.

அவ்வளவுதான் என்று அவள் எழப் போனாள். பேக்கரிக்காரி பக்கத்தில் பொத்தென்று மல்லாந்து படுத்தாள்.

"இப்ப உங்க முறை."

பிடிக்கவும் தனக்கு முறை வரும் என்பதை ஊசி அக்கா யோசித்தே பார்த்திருக்கவில்லை. கண்ணாடிச் சாமான் மேல் சாய்வது போல மெல்லச் சாய்ந்தாள். அரை எடை போட்டால் முழங்கைதான் குத்தும், முழுசாகப் போடுங்கள் என்று கீழேயிருந்து அதட்டல் வந்தது. போட்டாள். கையுறை இல்லாத விரல்கள் அந்தத் தோளைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. கன்னத்தின் அடியில் எங்கோ ஒரு நரம்பு துடித்தது. எது என்று அவளுக்குத் தெரியும், தேடவில்லை. தபால்காரப் பெண் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினாள். பதினொன்று சொல்லும்போது பேக்கரிக்காரியின் கை முதுகில் இரண்டு முறை தட்டியது.

ஊசி அக்கா உடனே விட்டுவிட்டாள். அதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.